தரையில் படுத்து எடுத்த படம்

"நாயைப் போட்டோ எடுக்க ஒரு ஆளா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் கேமராக்காரிக்கு வாய் வலித்துவிட்டது. ஆரம்பத்தில் பொறுமையாக விளக்கிப் பார்த்தாள். பிறகு முறைத்துப் பார்த்தாள். இப்போதெல்லாம், "ஆமா, பூனைக்கும் எடுப்பேன், கிளிக்கும் எடுப்பேன், நீங்க வந்து உட்கார்ந்தா உங்களுக்கும் எடுப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். கேட்டவர் அந்த வரிசையில் தன் இடம் எது என்று யோசித்துக்கொண்டு நிற்பார்.

கேமராக்காரி என்பது அவளுக்கு அக்கா வீட்டுக்காரர் வைத்த பெயர். கூப்பிடும்போது சுருக்கமாக "கேமரா" என்பார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பி இத்தனை காலம் உயிர் பிழைத்திருக்கிறவர். வண்டியை விட்டு இறங்கிய பிறகும், பிடிக்காத பேச்சு காதில் விழுந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். மச்சினி வங்கி வேலையை உதறிவிட்டு விலங்குகளைப் படமெடுக்கக் கிளம்புகிறேன் என்று சொன்ன அன்று அவர் அழுத்திய அழுத்தில் தரை பிளக்காதது ஆச்சரியம்தான்.

"எல்லார் பையிலயும் போன் இருக்கு கேமரா. உன்னை யாரு கூப்பிடப் போறாங்க?"

"எல்லார் வீட்டுலயும் கத்திரிக்கோல் இருக்கு மாமா. நீங்க ஏன் முடி வெட்டக் கடைக்குப் போறீங்க?"

"எனக்கு எங்கம்மா முடி இருக்கு?" என்று அவர் தலையைத் தடவிக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மாமாவுக்கும் அவளுக்கும் நடக்கிற சண்டைகள் எல்லாம் இப்படித்தான், பாதியில் சிரிப்பு வந்து கெட்டுப்போகும்.

ஆனாலும் அவள் ஜெயித்தாள் என்றே சொல்ல வேண்டும். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்தாள். ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். எதிர்ச் சுவரிலிருந்து தரை வரைக்கும் தொங்குகிற சாம்பல் நிறக் காகிதம். நாற்காலி ஒன்றே ஒன்று, அதுவும் நாயைக் கூட்டிவருகிறவர்களுக்கு. அவள் உட்காருவதே கிடையாது, தரையில் குப்புறப் படுத்துவிடுவாள். முழங்கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன. நாயின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குக் கேமரா இறங்க வேண்டும் என்பது அவள் தொழிலின் முதல் பாடம். போன் வைத்திருக்கிறவன் நின்ற இடத்தில் நின்றுகொண்டு கீழே குனிந்து ஒரு தட்டுத் தட்டுவான். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி பெருத்து, முதுகு சப்பையாகி, கால் இருந்த இடமே தெரியாமல் ஒரு படம் வரும். அதைப் போய் நாய் என்பான். அவளுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த மாதிரிப் படங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர் மாமாதான். அக்கா வீட்டு நாயின் பெயர் மூட்டை. பயிற்சி மைதானத்தில் வண்டிக்கு அடியில் படுத்திருந்த குட்டியை அவர் தூக்கிக்கொண்டு வந்தார். நீளமான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத கட்டைக் கால்கள், பாதியில் மடங்கின வால், வாயை மூடினாலும் உள்ளே போக மறுக்கிற ஒரு கீழ்ப்பல். மாமாவின் போனில் மூட்டை தூங்குகிறது, மூட்டை தின்கிறது, மூட்டையின் முதுகு, மூட்டையின் வால், மாமாவின் கட்டைவிரலுக்குப் பின்னால் மூட்டை மாதிரி ஏதோ ஒன்று. இப்படி ஆயிரக்கணக்கில். கேமராக்காரியிடம் காட்ட அவருக்குக் கொஞ்சம் கூச்சம். காட்டினால் அவள் சும்மா இருக்கமாட்டாள்.

மூட்டையை அவள் ஒரே ஒரு தடவைதான் தன் அறைக்குக் கூட்டிப்போய்ப் படமெடுத்தாள். அக்கா பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். "எங்க டாக்டர் பாத்தா மானம் போயிடும், அந்தப் பல்லு மட்டும் தெரியக் கூடாதுடி" என்று சொல்லி அனுப்பினாள். கேமராக்காரி நாயைக் குளிப்பாட்டினாள், முடியைச் சீவினாள், சுருள் சுருளாக உலர்த்தினாள். மார்பு வரைக்கும் மட்டும் சட்டத்துக்குள் வருகிற மாதிரி படுத்துக்கொண்டு, கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மையை லென்ஸுக்கு மேலே அழுத்தினாள். காது நிமிர்ந்தது, வாய் மூடியது, அந்த நொடியில் தட்டினாள். பிறகு கணினியில் உட்கார்ந்து கழுத்துக் கயிற்றை அழித்தாள், நீட்டிக்கொண்டிருந்த பல்லை அழித்தாள், எச்சிலை அழித்தாள், கண்ட கண்ட பளபளப்பையெல்லாம் துடைத்தெடுத்தாள். வந்து நின்ற படத்தைப் பார்த்து அவளுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. ராஜ்யத்தை இழந்தாலும் மிடுக்கை இழக்காத மன்னன் ஒருவன் அதில் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் வாழ்நாளில் எடுத்த சிறந்த படம் அதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் வெளிக்கதவைச் சாத்தாமல் போன ஒரு பகலில் மூட்டை காணாமல் போனது.

மாமா அன்று கற்றுக்கொள்ள வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டுத் தெருத் தெருவாக நடந்தார். தெரிந்தவர்கள் எல்லோரும் தேடினார்கள். இந்தப் பக்கத்துத் தெருக்களில் மூட்டையைத் தெரியாதவர்களே கிடையாது. அப்படியும் கிடைக்கவில்லை என்றால், அது பெரிய சாலையைத் தாண்டிப் போய்விட்டது என்றுதான் அர்த்தம். அந்தப் பக்கம் அதை யாருக்கும் தெரியாது. லாரிகள் நிற்காமல் போகிற சாலை அது. மாமா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய் உள்ளே போகவில்லை.

"நோட்டீஸ் அடிச்சு ஒட்டலாம்" என்றாள் கேமராக்காரி.

மாமா தயங்கித் தயங்கிப் போனை நீட்டினார். "இதுல நிறைய இருக்கு. ஏதாவது ஒண்ணு..."

அவள் நாலைந்தைத் தள்ளிப் பார்த்தாள். "மாமா, இதைப் பாத்தா நாயா கால்மிதியான்னே தெரியாது. என் படத்தைப் போடறேன். கண்ணு எப்படித் தெளிவா இருக்கு பாருங்க. ஒரு தடவை பாத்தவங்க மறக்கவே மாட்டாங்க."

மாமா போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தொழில் தெரிந்தவள் சொல்கிறாள், சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் அவளுக்குப் பிற்பாடு தாங்கவில்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் முழுவதும் மன்னன் முகமும் கீழே ஒரு தொலைபேசி எண்ணுமாக நோட்டீஸ் ஒட்டப்பட்டது. தொலைபேசி ஓயாமல் அடித்தது. "எங்க தெருமுனையில நிக்குது, நல்ல உயரம்." "இப்பதான் ஒரு வீட்டு மாடியில பாத்தேன், என்ன கம்பீரம்!" ஒவ்வொரு அழைப்புக்கும் பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அவள் ஓட்டுவாள், அவர் பக்கத்தில் இருந்து பிரேக்கை மிதிப்பார். போய்ப் பார்த்தால் இடுப்புயரத்துக்கு ஒரு வேட்டை நாய் நிற்கும். இல்லாவிட்டால் யாரோ அன்போடு வளர்க்கிற ஏதோ ஒரு உயர்சாதி நாய், சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு இவர்களைத் திருடர்களைப் பார்ப்பது போல் பார்ப்பார். ஒரு தடவை கூட ஒரு கட்டைக் கால் கண்ணில் படவில்லை. மாமாவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. அவள் இன்னும் பெரிய அளவில் படத்தை அச்சடித்தாள்.

அந்தப் பெரிய படத்தை ஒட்டத்தான் லாண்டரிக் கடைக்குப் போனாள். முன்பு ஒட்டிய சிறிய நோட்டீஸ் கண்ணாடிக் கதவின் கீழ்ப்பாதியில் அப்படியே இருந்தது. உள்ளே லாண்டரிக்காரம்மா சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இந்தப் படத்தைப் பாத்துட்டு யாராவது ஏதாவது சொன்னாங்களாம்மா?"

"சொல்லாத ஆளே இல்ல. என்ன அழகு, எந்தப் படத்துல நடிச்சுதுன்னு கேக்கறாங்க."

"நாயைப் பாத்தாங்களான்னு கேட்டேன்."

"இதைப் பாத்திருந்தா விடுவமா? சிங்கம் மாதிரி இருக்கு." அந்தம்மா சட்டைக் காலரை நீவினார். "எங்க வாசலுக்கும் ஒண்ணு வந்துச்சு. அதையும் கடவுள்தான் படைச்சான், என்ன அவசரத்துல படைச்சானோ! கட்டைக் காலு, ஒடிஞ்ச வாலு. இந்தக் கதவடியிலதான் படுத்துக் கெடந்துச்சு. நான் அதுகிட்டயே சொன்னேன், 'மேல பாருடா, அதுவும் நாய்தான், நீயும் நாய்தான்'னு."

கேமராக்காரி தன் கீழ்ப்பல்லைத் தொட்டுக் காட்டினாள். "பல்லு? ஒரு பல்லு..."

"ஆமா, ஒண்ணு வெளிய நீட்டிக்கிட்டு!"

உடனே மாமாவைப் போனில் கூப்பிட்டாள். "மாமா, உங்க போன்ல இருக்கிற மூட்டை படம் ஒண்ணு அனுப்புங்க. எதுவா இருந்தாலும் சரி."

ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் வந்து விழுந்தன. முதல் படத்தைக் காட்டியதுமே லாண்டரிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இதேதான்! ரொட்டியெல்லாம் போட்டேனே! காலையில ஒரு லாரிக்காரன் ஹாரன் அடிச்சான், மிரண்டு ஓடிடுச்சு. இந்தப் படத்தைக் குடுத்திருந்தா கயிறு போட்டுக் கட்டி வச்சிருப்பேனேம்மா!"

கேமராக்காரி கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று கீழே பார்த்தாள். நாய் படுத்திருந்த இடம் அங்கே இருந்தது. இங்கே நின்று பார்த்தால் முதுகு தெரியும், மடங்கின வால் தெரியும், தலையின் மேல்பக்கம் தெரியும். தெருவில் போகிற யாரும் முழங்கையை ஊன்றிப் படுத்துக்கொண்டு நாயைப் பார்ப்பதில்லை. உலகம் முழுவதும் நாயை மேலே இருந்துதான் பார்க்கிறது, மாமாவின் போனைப் போல. கண்ணுக்கு நேராக இறங்கு என்று தான் மார்தட்டிக்கொண்ட முதல் பாடமே மூட்டையை யார் கண்ணிலும் படாமல் மறைத்துவிட்டது என்பது அவளுக்குப் புரிந்தது. அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம்.

மாமா வந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். இந்தத் தடவை பாதியில் சிரிப்பு வரவில்லை.

"என் நாய் அதோட படத்துக்குக் கீழயே படுத்திருந்திருக்கு. உன் கௌரவத்துக்கு அதைக் காவு குடுக்கப் பாத்தியா?"

"தப்பு என்னோடதுதான் மாமா."

"இத்தனை தாம்தூம்னு எதுக்கு? ஒரு போன் போதும்னு அன்னைக்கே சொன்னேன்."

அவளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது, அதற்கு இது நேரமில்லை. கண்ணாடியில் இருந்த தன் படத்தை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். ஜெராக்ஸ் கடைக்கு ஓடி மாமாவின் படங்களிலேயே மிக மோசமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். சமையலறைத் தரையில் மூட்டை நிற்கிறது, மேலே இருந்து எடுத்தது, மூலையில் கட்டைவிரல், வெளிச்சம் படு மட்டம். கொஞ்சம் வெளிச்சம் கூட்டலாமா என்று கை பரபரத்தது. மவுஸைக் கடைக்காரர் பக்கம் தள்ளிவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள். "அப்படியே அடிங்க. விரலையும் சேர்த்து அடிங்க."

தெருத் தெருவாக அவளே போய்த் தன் மன்னனைக் கிழித்தாள், அந்த இடத்தில் கட்டைவிரலையும் கட்டைக்காலையும் ஒட்டினாள். பசை முழங்கை வரை வழிந்தது. பாதி நோட்டீஸ் கையில் இருக்கும்போதே அழைப்பு வந்துவிட்டது. கார் பழுது பார்க்கும் பட்டறையிலிருந்து ஒரு மெக்கானிக். "இந்தக் கட்டைக்கால் இங்கதாங்க இருக்கு. என் சாப்பாட்டு டப்பாவைக் காலி பண்ணிட்டு வண்டிக்கு அடியில படுத்திருக்கு. சீக்கிரம் வாங்க, நாளைக்கும் எனக்குச் சாப்பாடு வேணும்."

மூட்டை கிரீஸும் புழுதியுமாக வெளியே வந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. மாமா பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை நாசமாவதைப் பற்றிக் கவலைப்படாமல் விசும்பி விசும்பி அழுதார். மெக்கானிக் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பி, ஏற்கெனவே முடுக்கியிருந்த ஒரு நட்டை மறுபடி முடுக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா வாளியில் வெந்நீர் கொண்டுவந்தாள். மாமா கூடத்து வாசலில் நின்று மச்சினியைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே உன் கேமராவை இவன் பக்கம் கொண்டுவராதே. போதும்."

கேமராக்காரி அந்த வீட்டிலேயே தான் தங்கியிருக்கும் மாடிக்குப் போனாள். போனவள் கேமராவோடுதான் இறங்கி வந்தாள். "அக்கா, தண்ணியை ஊத்தாதே. யாரும் அவனைத் தொடாதீங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மாமாவின் வலது கால் தரையை அழுத்தியது. "இவ்வளவு நடந்த பிறகுமா? உனக்கு வெட்கமா இல்ல?"

"இல்ல." கூடத்து ஜன்னலுக்கு நேரே அவள் குப்புறப் படுத்தாள். "தப்புப் பண்ணது நான். அதுக்கு நீங்க எத்தனை திட்டினாலும் வாங்கிக்கறேன். ஆனா அதுக்காக நான் நின்னுக்கிட்டு எடுக்கப் போறதில்ல. தொலைஞ்ச நாயைத் தேடணும்னா உங்க போன்தான் மாமா, சத்தியமா ஒத்துக்கறேன். வீட்டுல இருக்கிற நாயைப் பாக்கணும்னா இங்க வந்து படுங்க."

"என்ன பேசறே?"

"நீங்க ஒரு நாளாவது படுத்துப் பாத்திருக்கீங்களா? ஆயிரம் படத்துலயும் முதுகுதான் இருக்கு. வந்து படுங்க."

அடம் பிடிக்கிறாளே என்ற எரிச்சலில்தான் மாமா படுத்தார். தொப்பை முதலில் தரையைத் தொட்டது. மூச்சு வாங்க முழங்கையை ஊன்றி, மூட்டையின் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டார். இந்தத் தடவை ரப்பர் பொம்மை இல்லை. மூட்டை அவரைப் பார்க்கக் கழுத்தை விசித்திரமாகத் திருப்பியது. கேமராக்காரி லென்ஸுக்குள் அந்தக் கண்ணைக் கூர்மையாக்கினாள். விழியின் நடுவில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்தாள். எழுந்து போய்த் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து பார்த்தாள். வெள்ளை அங்கேயே இருந்தது.

அவள் தன் அறையில் அந்த மன்னன் படத்தைச் சரிசெய்த அன்று இதே கண்ணில் இதே வெள்ளையைப் பார்த்திருக்கிறாள். ஜன்னலின் பளபளப்பு என்று நினைத்து, ஒரு நொடி கூட யோசிக்காமல் துடைத்துவிட்டாள்.

"கேமரா." மாமா இன்னும் நெருங்கிப் பார்த்தார். "இந்தக் கண்ணு எப்ப இப்படி ஆச்சு?"

"தெரியல மாமா. ரொம்ப நாளாவே இருக்கு. உங்க படத்துல விழல. என் படத்துல விழுந்துச்சு, நான் அழிச்சுட்டேன்."

மாமா நாயின் அந்தக் கண் பக்கம் விரலை மெதுவாக ஆட்டினார். மூட்டை அசையவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் அதற்கு லாரியும் தெரியாது, அவரும் தெரியமாட்டார். அவர் எழுந்திருக்கவில்லை. முழங்கையை ஊன்றி ஊன்றி, தொப்பையைத் தரையில் தேய்த்துக்கொண்டு, நாயைச் சுற்றி மறுபக்கத்துக்கு நகர்ந்தார். நல்ல கண் இருக்கிற பக்கத்துக்கு அவர் முகம் வந்ததும், ஒடிந்த வால் தரையில் படபடவென்று அடித்தது.

அவள் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வந்தால் கூர்மை தெரியாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்.

"படத்துல அந்தக் கண்ணு மேல கை வச்சே..." என்றார் மாமா, நாயின் மேலிருந்து பார்வையை எடுக்காமல்.

"என் கையை வெட்டினாலும் வைக்கமாட்டேன். இதை நாளைக்கு டாக்டர்கிட்டக் கொண்டுபோறோம்."

அக்கா வாளியைக் கீழே வைத்தாள். கூடத்தில் மூன்று உடம்புகள் வழியை அடைத்துக்கொண்டு கிடந்தன. வெளிக்கதவு திறந்து கிடந்தது, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "எழுந்திருங்க ரெண்டு பேரும்! யாராவது உள்ள வந்தா என்ன நினைப்பாங்க?"

"வரட்டும்" என்றாள் கேமராக்காரி. "வர்றவங்களுக்கும் தரையில இடம் இருக்கு."